ஒற்றைக் கோடு

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மொட்டை மாடியில் முயல் கூண்டு கழுவினேன். ஆபீசர் மறுபடி விரலைக் கடித்தது. சாம்பல் நிறம், முறைக்கிற பார்வை. பெயர் செல்வி வைத்தது. டெட்டால், பிளாஸ்திரி.

பைப் கடையில் முக்கால் இஞ்ச் எல்போ தீர்ந்துவிட்டது. சொல்லி அனுப்ப வேண்டும்.

பத்தரை வாக்கில் செல்வியிடமிருந்து போன். நாவலூர் ஆபீசில் உட்கார்ந்துவிட்டால் புருஷன் என்று ஒருவன் இருப்பதே அவளுக்கு மறந்துவிடும். போன் செய்கிற ஆள் இல்லை.

"உங்க பிளட் ரிப்போர்ட் வந்திருக்குங்க."

சனிக்கிழமை குரோம்பேட்டையில், குழந்தைக்காகப் பார்க்கிற டாக்டரம்மாவிடம், இரண்டு பேரும் இரத்தம் கொடுத்தோம். ஐ.வி.எஃப். ஆரம்பிக்கும் முன் எல்லாம் பார்க்க வேண்டுமாம். இரண்டுக்கும் செல்வி நம்பர்தான் கொடுத்திருந்தது.

"பீட்டா எச்.சி.ஜி. நூத்திப் பன்னெண்டு" என்றாள். குரல் ஒரு மாதிரி.

"அது உனக்குப் பார்க்கிறதாச்சே?"

"ஆமா. எனக்குப் பார்க்கிறதுதான்." வைத்துவிட்டாள்.

கர்ப்பம் தரித்தால் இரத்தத்தில் வருகிற ஹார்மோன். ஒன்பது வருடமாக நாங்கள் காத்திருப்பது அதற்குத்தான். எத்தனையோ ரிப்போர்ட்டில் "இரண்டுக்குக் கீழே" என்று மட்டுமே பார்த்திருக்கிறோம். கடைசியில் வந்தேவிட்டது. ஆள் மாறி வந்திருக்கிறது.

சாயங்காலம் டாக்டரம்மாவைப் பார்த்தோம். சிரிக்கலாம் என்றுதான் போனேன். அவர் சிரிக்கவில்லை. போன வாரம் என் ஸ்கேனில் விதைப்பையில் கடுகளவு ஏதோ தெரிந்ததாம், அதனால்தான் இந்த டெஸ்டையும் சேர்த்தாராம். ஆம்பளைகளுக்கு இது ஏறினால் கட்டியாக இருக்கலாம். யூரோ டாக்டரைப் பார்க்கச் சொன்னார். ஐ.வி.எஃப். நிறுத்தி வைப்பு.

வீட்டுக்கு வரும் வழியில் செ. போனில் அந்த ரிப்போர்ட்டையே திறந்து திறந்து பார்த்தாள். பால் பாக்கெட் வாங்க மறந்தோம்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கிழக்குத் தாம்பரம். யூரோ டாக்டர் நல்ல மாதிரி. சுற்றி வளைக்கவில்லை.

"ஸ்கேன்ல ஒரு புள்ளி, ரத்தத்துல மார்க்கர். ரெண்டும் சேர்ந்து வந்தா நாங்க வெயிட் பண்ண மாட்டோம் சார். அந்தப் பக்கத்தை எடுத்துடறது சேஃப்."

அந்தப் பக்கம் என்றால் வலது. இடது பத்து வயதில் புட்டாளம்மை வந்தபோதே சுருங்கிப் போனது. இருப்பதே அந்த ஒன்றுதான். செ. அதைச் சொன்னாள். நான் சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தை இருக்கா?"

"இல்லங்க டாக்டர்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். முன்கூட்டியே விந்து எடுத்து உறைய வைக்கலாம், ஆனால் என் எண்ணிக்கையைப் பார்த்தால் திரும்ப உருக்கும்போது எவ்வளவு மிஞ்சும் என்று சொல்ல முடியாது என்றார். உயிர் முக்கியம், மற்றது அப்புறம். செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை அட்மிஷன். அதற்குள் இரத்தம் இன்னொரு தடவை.

நியாயமாகத்தான் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கடை லீவு. லேசான தூறல்.

செ. கொழுக்கட்டை பிடித்தாள். மாவு விரிந்துபோய்ப் பூரணம் வெளியே வந்தது. "இதுவும் நிக்கல" என்றாள். எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

பிள்ளையாரிடம் என்ன கேட்பது என்று குழப்பம். இத்தனை வருடமும் கேட்டது ஒன்றே ஒன்று. இப்போது முதலில் உயிரைக் கேட்க வேண்டும், அப்புறம் மற்றதை. வரிசை மாறினால் கோபித்துக்கொள்வாரோ. இரண்டையும் சேர்த்தே கேட்டேன்.

மாடியில் வெள்ளை முயல் குட்டி போட்டிருக்கிறது. ஏழு. வாங்கும்போது இரண்டும் பெட்டை என்று சத்தியம் செய்தான் கடைக்காரன். ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை, டாக்டரம்மா இல்லை. செ. ரொம்ப நேரம் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தாள். போய்க் கூப்பிட மனசு வரவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரண்டாவது இரத்த ரிப்போர்ட். அதே லேப். 109.

காலையில் குரோம்பேட்டையில் உறைய வைக்கக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சின்ன ரூம், டி.வி., வெளியே யாரோ "டோக்கன் பதினாலு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கை எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

கடையில் ஒருவருக்கு சி.பி.வி.சி. கேட்டதற்கு யு.பி.வி.சி. பைப் வெட்டிக் கொடுத்துவிட்டேன். பாபு அண்ணன்தான் பார்த்து மாற்றிக் கொடுத்தார். அப்பா காலத்திலிருந்தே கடையில் இருக்கிறவர்.

"இன்னா சார், ரெண்டு நாளா ஒரு மாரி கீறீங்க. வூட்ல எதுனா பேஜாரா?"

"ஹெர்னியாண்ணா. அடுத்த வெள்ளிக்கிழமை ஆபரேஷன்."

"அட, அதுக்கா இம்மாம் யோசனை. நானே பண்ணிகினேன். மூணாம் நாள் பிரியாணி துன்னுகினு வந்தேன்."

சிரித்து வைத்தேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டேங்க் கம்பெனி காலண்டர். அதில் ஒரு அப்பா, தோளில் ஒரு சின்னப் பெண். எத்தனை மாதமாக அங்கே தொங்குகிறது, இன்றுதான் கண்ணில் பட்டது. பெண் குழந்தை என்றால் எனக்கு உயிர். செ.யிடம்கூட இதைச் சொன்னதில்லை. எதுவாக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அஸ்தினாபுரம். செ.யின் தங்கை சுதாவுக்கு வளைகாப்பு. நல்ல வெயில், ஹாலில் ஒரு ஏ.சி. வேலை செய்யவில்லை.

போக வேண்டாம் என்றேன். "போகலைன்னா பொறாமைம்பாங்க, போனா கண்ணு படும்பாங்க. போயே கேட்டுக்கலாம்" என்றாள்.

நலங்கு வைக்கப் பெண்களை வரிசையாகக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி, நல்லவள்தான், பதமாகத்தான் சொன்னாள்: "செல்வி, நீ கொஞ்சம் பின்னாடி நில்லும்மா. புள்ள பெத்தவங்க முடிச்சிடட்டும்." செ. தட்டில் இருந்த பூவைச் சரிசெய்கிற மாதிரி நகர்ந்துகொண்டாள். அப்படி நகர்வதில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சுதா பார்த்துவிட்டாள். "அக்கா வராம நான் யார்கிட்டயும் வளையல் போட்டுக்க மாட்டேன்" என்று கையை மடக்கிக்கொண்டாள். செ. போனாள், போட்டாள். அப்புறம் சுதா தன் கையிலிருந்து ஒரு ஜோடி பச்சைக் கண்ணாடி வளையலைக் கழற்றி அக்கா கையில் போட்டாள். பிள்ளைத்தாய்ச்சி கை வளையல் போட்டால் அடுத்து அவளுக்குத் தங்கும் என்பது வழக்கம். எங்கள் வீட்டு டிராயரில் அப்படி வந்த வளையல்கள் நிறைய.

ஏழு வகை சாதம். எலுமிச்சை சாதம் பிரமாதம். புளி சாதத்தில் உப்பு தூக்கல்.

வீட்டுக்கு வந்ததும் செ. ஒரு வளையலைக் கழற்றினாள். "கையைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"ரிப்போர்ட் யாருக்கு வந்திருக்கு? முறைப்படி உங்களைத்தானே அந்த நாற்காலியில உட்கார வெச்சிருக்கணும்."

ஆறு நாள் கழித்து முதல் சிரிப்பு. கையைக் கொடுத்தேன். பைப் திருகி முறுக்கேறிய கை, கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை. அழுத்தினாள். உடைந்துவிட்டது. இரண்டு பேரும் தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்தோம். சகுனம் அது இது என்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. துடைப்பம் எடுத்து வந்தாள், நான் வாங்கிப் பெருக்கினேன்.

செப்டம்பர் 1, திங்கள்

மேகமூட்டம். சுதா வீட்டு பலகாரம் பாபு அண்ணனுக்குக் கொடுத்தாயிற்று.

மதியம் டாக்டரம்மாவே போன் செய்தார், உடனே இரண்டு பேரும் வர முடியுமா என்று. கடையை பாபு அண்ணனிடம் விட்டுவிட்டு ஓடினேன். செ. நாவலூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள்.

டாக்டரம்மா இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

"எனக்கு இது உறுத்திக்கிட்டே இருக்கு. கட்டின்னா நம்பர் ஏறிக்கிட்டே போகணும். இது அப்படியே நிக்குது. நீங்க வீட்ல ஏதாவது விலங்கு வளர்க்கிறீங்களா?"

"முயல் மேடம். மாடியில."

"கடிக்குமா?"

பிளாஸ்திரி போட்ட விரலைக் காட்டினேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதி வைக்கிறேன். அந்த லேப் டெஸ்டில் விலங்குகளிடமிருந்து எடுத்த ஆன்டிபாடி இரண்டு வைப்பார்களாம். ஹார்மோனை இந்தப் பக்கம் ஒன்று பிடிக்கும், அந்தப் பக்கம் ஒன்று பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் மெஷின் எண்ணும். சிலர் இரத்தத்தில் அந்த இரண்டையும் தானே பிடித்துக் கோர்த்துவிடுகிற வேறு ஆன்டிபாடி இருக்குமாம். நடுவில் ஹார்மோனே இருக்காது. மெஷினுக்கு அது தெரியாது, இருப்பதாக எண்ணிவிடும்.

"மீட்டர்ல காத்து ஓடற மாதிரிங்களா மேடம்?"

அவருக்குப் புரியவில்லை. காலி லைனில் மோட்டார் போட்டால் காற்று தள்ளும், தண்ணீர் மீட்டர் விர்ரென்று சுற்றும், பக்கெட்டில் ஒரு சொட்டு விழாது என்றேன்.

"அதேதான்" என்றார். "முயலாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். எதுவுமே வளர்க்காதவங்களுக்கும் இருக்கு. ஆனா அந்த ஆன்டிபாடி பெருசு, கிட்னி வழியா யூரின்ல இறங்காது. நிஜ ஹார்மோன் இறங்கும். நூத்திப் பத்து நிஜம்னா சாதாரண பிரெக்னென்சி கார்டுலயே ரெண்டு கோடு விழும். அதுக்கு மேல வேற லேப்ல, வேற முறையிலயும் பார்த்துடலாம். அது உறுதியாகாம கத்தி வேண்டாம்னு நான் யூரோ டாக்டர்கிட்ட பேசறேன். வெளியில கார்டு வாங்கிட்டு வரச் சொல்றேன், ஒரு நிமிஷம்."

"வேணாம் மேடம்" என்றாள் செ. "எங்க வீட்ல இருக்கு."

இருக்கிறது. அலமாரியில், அவள் பட்டுப் புடவைகளுக்குக் கீழே, டஜன் கணக்கில் வாங்கியதில் மிச்சம் இரண்டு.

வீட்டுக்கு வந்தோம். இத்தனை வருடமும் பாத்ரூம் கதவுக்கு வெளியே நிற்பது நான், உள்ளே இருப்பது அவள். இன்று நான் உள்ளே. அவள் வெளியே.

"மூணு சொட்டு போதும். நிறைய விட்டா கெட்டுடும்."

"தெரியும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்த ரவுண்டுக்குள்ள விடணும். ஆட்டாதீங்க. சமமா வைங்க."

வெளியே கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தோம். பக்கத்து வீட்டு மிக்சி ஓடியது. முதல் கோடு வந்தது. அது எப்போதும் வரும், கார்டு வேலை செய்கிறது என்று காட்டுகிற கோடு. இரண்டாவது இடம் வெள்ளை. காத்திருந்தோம். வெள்ளை.

செ. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் இந்தப் பக்கம் சாய்த்தாள். கண்ணை இடுக்கிக்கொண்டு, மங்கலாகவாவது, நிழல் மாதிரியாவது இருக்கிறதா என்று. மாதா மாதம் அவள் செய்ததுதான். அப்போதெல்லாம் இருக்க வேண்டுமே என்று தேடுவாள். இன்று இருக்கக் கூடாதே என்று. கண் மட்டும் அதே கண்.

"ஒரு கோடுதாங்க."

"நல்லாப் பாரு."

"ஒன்பது வருஷமா பார்க்கறேன். எனக்குத் தெரியாதா. ஒண்ணுதான்."

சிரித்தாள். அப்புறம் கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டில் உட்கார்ந்து அழுதாள். இந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்து அவள் அழுவது எனக்குப் புதிதில்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். நானும் அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வேறு லேப். புது ஊசி, பழைய கை. யூரோ டாக்டர் சொல்லி, பெரிய ஸ்கேன் சென்டரில் மறுபடி ஸ்கேன். எல்போ ஸ்டாக் வந்தது.

ஆபீசருக்குக் கேரட்.

செப்டம்பர் 3, புதன்

புது லேப் ரிப்போர்ட்: இரண்டுக்குக் கீழே.

பழைய லேப்பிலும் என் இரத்தத்தை நீர்க்க வைத்துப் பார்த்தார்களாம். பாதிக்குப் பாதி குறைய வேண்டிய எண் தாறுமாறாகப் போனதாம். அதுவும் ஒரு சாட்சி என்றார் டாக்டரம்மா. ஸ்கேனில் தெரிந்தது வெறும் நீர்க்கட்டி, ஒன்றும் செய்யாது. இனி எங்கே இரத்தம் கொடுத்தாலும் இந்த விஷயத்தை முதலில் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கிளம்பும்போது செ. கதவருகே நின்றாள். திரும்பினாள்.

"மேடம், முயல் நானும்தான் தூக்கறேன். எனக்கும் அந்த மாதிரி இருந்தா... இத்தனை வருஷம் எனக்கு இல்லை இல்லைன்னு வந்துச்சே, அதுல ஏதாவது ஒண்ணு தப்பா இருக்குமா? இருந்து, தெரியாமப் போயிருக்குமா?"

டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"இருந்திருந்தா உன் உடம்பே சொல்லியிருக்கும்மா. கார்டும் ஒவ்வொரு தடவையும் இல்லைன்னுதானே சொல்லிச்சு. எதையும் நீ தவற விடல."

"சரிங்க மேடம்."

லிஃப்டில் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் ரிப்போர்ட் தப்பாக இருந்ததில் எனக்கு உயிர் வந்தது. அவளுடையது எதுவும் தப்பில்லை. கீழே கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்தாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆபரேஷன் இல்லாத ஆபரேஷன் நாள். இரண்டு பேரும் லீவு போட்டிருந்ததால் லீவு. யூரோ டாக்டர் நேற்றே பேசினார். "நல்ல வேளை சார். மூணு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன், அவ்ளோதான்" என்றார். அவர் குரலிலும் ஒரு பெருமூச்சு இருந்தது.

பாபு அண்ணன் போன்: "ஹெர்னியா இன்னா ஆச்சு சார்?" தானாகப் போய்விட்டது என்றேன். "தானா போவுமா அது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மதியம் மழை. செ. துணி எடுக்க மாடிக்கு ஓடினாள், நானும். முயல் குட்டிகளுக்கு இப்போதுதான் ரோமம் வருகிறது. கூண்டை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "அதுங்க என்ன பண்ணுச்சு பாவம்" என்றாள். தாய் முயல் பிய்த்துப் போட்டிருந்த ரோமத்தைக் குட்டிகள் மேல் இழுத்து மூடினாள்.

அப்புறம், என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னிக்கு ரிப்போர்ட் வந்தது பத்தரைக்கு இல்லங்க. காலையிலயே, ஆபீஸ் பஸ்லயே வந்துடுச்சு. கேளம்பாக்கம் சிக்னல்ல நின்னுட்டிருந்தோம். திறந்தேன். பேரைப் பார்க்கல. நம்பரைத்தான் பார்த்தேன்."

ஈரத் துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"என்னுதுன்னு நினைச்சுட்டேன். எப்படி, இந்த மாசம் நாள் கூடத் தள்ளலையேன்னு ஒரு யோசனை. ஆனா யோசனைதான் அது. மனசு கேக்கல. பையை எடுத்து வயித்து மேல இருந்து மாத்தி வெச்சேன், கனமா இருக்குன்னு. பக்கத்து சீட்டுப் பொண்ணு ஜன்னலைத் திறந்தா, காத்து வேணாம்னு சொல்லி மூடச் சொன்னேன். படூர் ஸ்டாப்ல ஒருத்தர் இறங்கறதுக்காக பஸ் நின்னுச்சு. அப்பதான் உங்களுக்கு அனுப்பலாம்னு ஸ்க்ரீனை மேல தள்ளினேன். உங்க பேர் இருந்துச்சு."

மழை கூண்டுத் தகரத்தில் அடித்தது.

"அதுவரைக்கும் நான் அம்மாவா இருந்தேங்க. கேளம்பாக்கத்துல இருந்து படூர் வரைக்கும்."

அதற்கப்புறம் போனில் தேடிப் பார்த்துத்தான் என் உயிருக்கு ஆபத்து என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. சந்தோஷப்பட்டதற்காக வெட்கப்பட்டு, பத்தரை வரை யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். பதினோரு நாளாக இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் சொன்னால் நான் தப்பாக நினைப்பேனாம். பைத்தியம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

செ.க்கு இன்று மாதவிலக்கு. வழக்கமாக அந்த நாளில் வீட்டில் டி.வி. கூடப் போட மாட்டோம். இந்தத் தடவை அவளே டாக்டரம்மாவுக்குச் சொன்னாள். நாளை குரோம்பேட்டையில் முதல் ஊசி. உறைய வைத்ததைத் தொட வேண்டாம், புதிதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

வாங்க வேண்டியது: மாத்திரை, ஐஸ் பை, முயலுக்குப் புல். கடை காலண்டரை மாற்ற வேண்டாம். இருக்கட்டும்.

அலமாரியில் மிச்சம் ஒரு கார்டு. இரண்டு பேருக்கும் தெரியும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

வெளுத்த வானம், மழை விட்ட ஈரம். நேற்று ஊசி போட்ட இடம் அவளுக்கு வலிக்கிறது. பஸ் வேண்டாம், நான் வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றேன். ஊரப்பாக்கத்திலிருந்து நாவலூர் வரை எதற்கு என்றாள். ஸ்டாக் பார்க்க அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று ஒரு பொய்.

வண்டலூர், கண்டிகை. லாரிகள். கேளம்பாக்கம் சிக்னலில் சிவப்பு. பக்கத்தில் ஒரு கம்பெனி பஸ் வந்து நின்றது, ஜன்னலோரம் ஒரு பெண் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செ. அண்ணாந்து அவளையே பார்த்தாள்.

பச்சை விழுந்தது. நான் மெதுவாக எடுத்தேன். இருபதுக்கு மேல் போகவில்லை. பின்னாலிருந்து ஹாரன் மேல் ஹாரன். ஓரமாக ஒதுங்கினேன், இன்னும் குறைத்தேன். ஒருத்தன் தாண்டிப் போகும்போது திட்டிவிட்டுப் போனான்.

"வண்டியில ஏதாவது ரிப்பேரா?" என்று அவள் கேட்கவில்லை. என் தோளில் இருந்த கையை எடுத்து மடியில் இருந்த பையைத் தூக்கி, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து மாற்றி, ஓரமாகத் தொங்கவிட்டாள். முதுகில் கன்னம் பட்டது.

படூர் ஸ்டாப் வந்தது. நிறுத்தாமல் போனேன்.